நல்ல நேரம்

ஓல்டாம், இங்கிலாந்து
14 அக்டோபர் 2024

அன்புள்ள தம்பி காளிராஜுக்கு,

அக்கா அன்னக்கனி எழுதுகிறேன். வெளிநாட்டுத் தபாலைப் பார்த்ததும் பதறாதே, உயிரோடுதான் இருக்கிறேன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நீ போன் பண்ணுகிறாய். நீ சிவகாசியிலிருந்து கத்த, நான் இங்கிருந்து "என்னது, என்னது" என்று கத்த, கடைசியில் இரண்டு பேரும் "சரி சரி" என்று வைத்துவிடுகிறோம். என் காது முக்கால்வாசி போய்விட்டது. அதனால்தான் காகிதம்.

ஒரு காரியம் ஆகவேண்டும். இந்த நாட்டில் வயதானவர்கள் எல்லோருக்கும் குளிர்காலத்தில் வீட்டைச் சூடு பண்ணிக்கொள்ள அரசாங்கம் ஒரு தொகை தரும். கார்த்திகை, மார்கழியில் கேட்காமலே வந்துவிடும். உன் அத்தான் இருந்தவரைக்கும் அதைப் பற்றி யோசித்ததே இல்லை. இந்த வருஷம் சட்டத்தை மாற்றிவிட்டார்கள். வருமானம் குறைந்தவர்களுக்கென்று தனியாக ஒரு உதவி இருக்கிறது. அது யாருக்கு உண்டோ அவர்களுக்கு மட்டும்தான் இனிமேல் சூட்டுக்கான தொகையும். அதாவது நான் இல்லாதவள் என்று நானே எழுதிக் கொடுக்கவேண்டும். எழுபத்தேழு வயதில் இதற்கு ஒரு விண்ணப்பப் பாரம்.

இங்கே நூலகத்தில் சுகிர்தா என்று ஒரு பெண் பாரம் நிரப்பித் தருகிறாள். நாசரேத்துக்காரி, நர்ஸ் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவள். நம் பேச்சுக் கேட்கவே நான் அங்கே போவதுண்டு. எல்லாம் மளமளவென்று எழுதினாள். ஒரு கேள்வியில் நின்றாள். வெளிநாட்டில் வீடு, நிலம் ஏதாவது உண்டா?

"எங்க அப்பா வீட்ல பாதி எனக்குத்தான்" என்றேன்.

"எக்கா, பேசாம இல்லைன்னு போடுவோம். யாரு சிவகாசிக்கு வந்து பாக்கப் போறாக?"

"எங்கப்பா வீட்டை இல்லைன்னு எழுதச் சொல்றியாட்டி? வாயைக் கழுவு" என்று சொல்லிவிட்டேன். பாவம், முகம் சுருங்கிவிட்டது. பேனாவை வாங்கி நானே எழுதினேன். உண்டு, பாதிப் பங்கு. அதை எழுதும்போது எனக்கு இருந்த பெருமையை உனக்குச் சொல்லி முடியாது. அந்தப் பாரத்தில் மற்றதெல்லாம் இல்லை, இல்லை, இல்லை. அது ஒன்றுதான் உண்டு.

இப்போது அந்த ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பங்கு என்ன பெறும், அத்தாட்சி கொடு என்று கேட்கிறார்கள். வீட்டை விற்க முடியாது, வாடகை வராது, குடும்பமே குடியிருக்கிறது என்று காட்டினால் ஒருவேளை விட்டுவிடுவார்களாம். நீ பத்திர ஆபீசில் ஒரு வில்லங்கச் சான்றும், பத்திர நகலும் எடுத்து அனுப்பு. சீக்கிரம். இங்கே இப்போதே வீட்டுக்குள் பேசினால் வாயிலிருந்து புகை வருகிறது. சிவகாசி வெயிலில் பிறந்தவள் கம்பளிக் குல்லாய் போட்டுக்கொண்டு சோறு சாப்பிடுகிறேன்.

மாடி அறை எப்படி இருக்கிறது? அப்பா தீப்பெட்டி லேபிள் தாள்களைக் காயப்போடுவாரே, அந்த அறை. அங்கே இப்போது யார் படுக்கிறார்கள்? மறக்காமல் எழுது.

உன் அக்கா,
அன்னக்கனி


சிவகாசி
4 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் தீபாவளிக்கு முந்தின நாள் கிடைத்தது. இங்கு அனைவரும் நலம். எனக்குச் சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கிறது, மற்றபடி குறைவில்லை. பட்டாசு லேபிள் ஆர்டர் எல்லாம் முடிந்து இப்போது காலண்டர் சீசன் உச்சத்தில் இருக்கிறது. மூன்று ஷிப்ட் ஓடுகிறது. பதில் தாமதமானதற்கு அதுவே காரணம்.

தாங்கள் கேட்ட வில்லங்கச் சான்று விஷயமாக. பழைய பதிவுகள் பலவும் கம்ப்யூட்டரில் ஏறவில்லை என்கிறார்கள். எடுக்க நாளாகும். எடுத்தாலும் தமிழில் இருப்பதை அவர்கள் ஏற்பார்களா என்பது சந்தேகம். எனவே எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். அந்தப் பெண் சொன்னது சரி. வீடு இருக்கிறது என்று எழுதிய அந்த வரியை அடித்துவிடுங்கள். தவறுதலாக எழுதிவிட்டேன் என்று ஒரு கடிதம் கொடுத்தால் போதும். அடித்துவிட்டால் தங்களுக்கு உதவி வந்துவிடும் அல்லவா?

அதுவரை செலவுக்கு நான் பணம் அனுப்பிவைக்கிறேன். வங்கி விவரம் எழுதவும்.

அங்கே ஹீட்டர் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள்? உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள் அன்புத் தம்பி,
சி. காளிராஜ்


ஓல்டாம்
22 நவம்பர் 2024

தம்பி காளிராஜுக்கு,

என்னலே இது, மதிப்பிற்குரிய அக்கா அவர்களுக்கா? பாங்க் மேனேஜருக்கு எழுத உட்கார்ந்து, தப்பாக எனக்கு எழுதிவிட்டாயா? சட்டை போடாமல் தெருவில் திரிந்தவனைத் தூக்கிக்கொண்டு போய்க் குளிப்பாட்டிவிட்டவள் நான். எனக்குத் தாங்களாம், தங்களாம். படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு ஒரு மாதிரியாக இருந்தது.

அந்த வரியை அடிக்க மாட்டேன். பொய் சொல்லி வாங்குகிற சூடு எனக்கு வேண்டாம். உன் பணமும் வேண்டாம், கோபித்துக்கொள்ளாதே. வந்தால் அதையும் பாரத்தில் எழுதவேண்டும் என்பது ஒரு பக்கம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் அத்தானை ஆப்செட் அச்சு படித்து வரச் சொல்லி அப்பாதான் கடன் வாங்கி இங்கே அனுப்பினார். இரண்டு வருஷத்தில் திரும்பி வந்து நம் பிரஸ்ஸை நடத்தவேண்டும் என்பது பேச்சு. அவர் திரும்பவில்லை, என்னையும் இங்கே கூப்பிட்டுக்கொண்டார். நீ காலேஜை நிறுத்திவிட்டு மிஷினில் நின்றாய். ஒரு நாளும் அதை நீ எனக்குச் சொல்லிக் காட்டியதில்லை. அதனால்தான் உன்னிடம் கை நீட்ட எனக்கு மனம் வரவில்லை. போதுமா?

ஹீட்டர் எத்தனை மணி நேரம் என்று கேட்டிருந்தாய். நீ சிரிப்பாய். இங்கே எனக்கு கேஸ் மீட்டர் முன்பணம் கட்டுகிற வகை. கடையில் போய்க் கார்டில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும், தீர்ந்தால் அணைந்துவிடும். எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்று தினமும் மனசோடு சண்டை. கடைசியில் நீ வருஷா வருஷம் அனுப்புகிற தினசரி காலண்டரைப் பஞ்சாயத்துக்கு வைத்துவிட்டேன். அதில் நல்ல நேரம் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி போட்டிருக்கிறதா, அந்த இரண்டு மணி நேரம்தான் ஹீட்டர். ஊர் நேரமா இங்கத்து நேரமா என்றெல்லாம் கேட்காதே, என் சுவர்க் கடிகாரம்தான் கணக்கு. இப்போது சண்டையே இல்லை. மற்ற நேரம் போர்வைதான். தேங்காய் எண்ணெய்ப் பாட்டில் கல்லாய் உறைந்துவிட்டது, கக்கத்தில் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்க்கிறேன்.

நாலு மணிக்கே இருட்டிவிடும். அப்போது படுத்துக்கொண்டு நான் ஒரு காரியம் செய்வேன். யாரிடமும் சொன்னதில்லை. கண்ணை மூடிக்கொண்டு நம் வீட்டு மாடிப்படி ஏறுவேன். பதினான்கு படி. மாடி அறைக் கதவைத் தள்ளினால் லேபிள் மை வாசனை வரும். மேற்குச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருவேன். சாயங்கால வெயில் அடித்து அந்தச் சுவர் எப்படிக் கொதிக்கும், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தச் சூட்டோடு அப்படியே தூங்கிவிடுவேன். அது என் வீடு இல்லையா, அதனால் கதவைத் தட்ட வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். அடுத்தவர் வீடாக இருந்தால் இப்படி உரிமையாகப் போய் உட்கார முடியுமா?

அப்பா காரியத்துக்கு வந்திருந்தபோது, தொண்ணூற்றொன்றில், ஸ்கூட்டரில் என்னை பத்திர ஆபீசுக்குக் கூட்டிப் போனாயே. பிரஸ்ஸுக்கு பாங்க் லோன் வாங்க என் கையெழுத்து வேண்டும் என்றாய். அந்த ஆபீசர், "சம்மதந்தானாம்மா?" என்று கேட்டார். "எந் தம்பி சொன்னாச் சரிதேன்" என்றேன். அங்கிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். திரும்பும்போது சாத்தூர்ச் சேவு வாங்கிக் கொடுத்தாய். கட்டைவிரல் மையோடேயே தின்றேன். அந்த மை விமானம் ஏறி இங்கே வந்து இரண்டு நாள் கழித்துத்தான் போனது. ஊரை விட்டுக் கடைசியாக வந்தது அப்போதுதான். பிறகு உன் அத்தானுக்குப் பக்கவாதம், பதினாலு வருஷம் படுக்கை. எங்கே வர?

சான்றிதழை எடுத்து அனுப்பு. மாடி அறையைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை.

அக்கா


சிவகாசி
6 டிசம்பர் 2024

அக்கா அவர்களுக்கு,

கடிதம் கண்டேன். சான்றுக்கு முயற்சி செய்துகொண்டிருக்கிறேன். அந்த வரியை அடிப்பது பற்றி மறுபடியும் யோசிக்கவும்.

இத்துடன் 2025ஆம் வருஷத்துக் காலண்டர் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை விரைவுத் தபால். ஜனவரி முதல் தேதியிலிருந்து இதையே பார்க்கவும். வேறு கம்பெனிக் காலண்டர் எதையும் பார்க்க வேண்டாம். இதில் உள்ளபடி செய்யவும்.

மேலும் எழுத நேரமில்லை. மன்னிக்கவும்.

காளிராஜ்


ஓல்டாம்
20 ஜனவரி 2025

தம்பிக்கு,

உன் கம்பெனியில் ப்ரூஃப் பார்க்க ஆள் இல்லையா என்று கேட்டுச் சண்டை போடத்தான் முதலில் பேனாவை எடுத்தேன். இன்றைக்குத் திங்கட்கிழமை, தை ஏழு. ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது, சரி. அதே தாளில் நல்ல நேரம் காலை ஆறு முதல் இரவு பத்து வரை! ராகு காலமும் நல்ல நேரமும் ஒன்றாக உட்கார்ந்திருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். அப்பா காலத்தில் ஒரு எண் பிசகினால் அம்புட்டுத் தாளையும் குப்பையில் போடுவார். முதல் தேதியிலிருந்தே அப்படித்தான். நாளைக்குப் புரட்டினேன், அப்படியே. மறுநாள், அப்படியே. பங்குனி கடைசி வரைக்கும் எந்த நாளும் காலையிலிருந்து இரவு வரை நல்ல நேரம். சித்திரையிலிருந்துதான் பழையபடி ஒரு மணி நேரம்.

எத்தனை தாள், தம்பி? என் ஒருத்திக்காக அத்தனை தாளையும் மாற்றி அடித்து, ஒரே ஒரு காலண்டர் தைத்து அனுப்பியிருக்கிறாய். அதுவும் மூன்று ஷிப்ட் ஓடுகிற சீசனில். சுகிர்தாவிடம் காட்டினேன். "எக்கா, ஒங்க தம்பி மாதிரி ஒருத்தரை நா பாத்ததில்ல" என்று கண்ணைத் துடைத்தாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

நீ சொன்னபடியே செய்தேன். பத்து நாள் ராணி மாதிரி இருந்தேன். தேங்காய் எண்ணெய் உருகிவிட்டது. பதினோராம் நாள் மீட்டரில் காசு தீர்ந்து ஹீட்டர் அணைந்தது. நல்ல நேரத்தை நீ அச்சடிக்கலாம், கேஸை யார் அச்சடிப்பது? கார்டில் ஏற்றக் கையில் இல்லை. மூன்று நாள் அப்படியே கிடந்தேன். சளி நெஞ்சில் இறங்கிவிட்டது. சுகிர்தா நூலகத்தில் என்னைக் காணவில்லை என்று தேடி வந்து, கதவைத் திறக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். ஐந்து நாள் இருந்துவிட்டு முந்தாநாள் வீட்டுக்கு வந்தேன். டாக்டர் சின்னப் பையன். வீங்கியிருந்த என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வீட்டில் சூடு உண்டா?" என்று கேட்டான். உண்டு என்று பொய் சொன்னேன்.

வந்து பார்த்தால் பாரம் வாங்கிய ஆபீசிலிருந்து தபால் கிடக்கிறது. அத்தாட்சி வராததால் அவர்களே ஒரு மதிப்புப் போட்டுவிட்டார்கள். சிவகாசியில் பாதி வீட்டுக்குச் சொந்தக்காரிக்கு உதவி கிடையாதாம். அத்தாட்சி இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாமாம். நெஞ்சு இப்படி இருக்கிறபோது இன்னொரு தடவை ஹீட்டர் அணைந்தால் தாங்காது என்று சுகிர்தா என்னிடம் சொல்லவில்லை, வாசலில் நின்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். காது கேட்காதவளுக்கு உதடு நன்றாகத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது யோசித்தேன். நீ ஏன் அந்தச் சான்றை அனுப்பவில்லை? சீசன் என்பதெல்லாம் சாக்கு. நூறு தாளை மாற்றி அடிக்க முடிந்தவனுக்கு ஒரு நகல் எடுக்க நேரமில்லையா? எனக்கு ஒன்றுதான் தோன்றுகிறது. அக்கா பங்கு கேட்டு வந்துவிடுவாள் என்று பயப்படுகிறாய்.

கேட்க மாட்டேன்லே. சத்தியமாகக் கேட்க மாட்டேன். எனக்கு அந்த வீடு கையில் வேண்டாம். அங்கே எனக்கு ஒரு பாதி இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள மட்டும்தான் வேண்டும். அதை வைத்துக்கொண்டுதான் இங்கே இத்தனை பனிக்காலம் போயிருக்கிறது. நான் செத்த பிறகு எல்லாம் உனக்கே. இப்போது அந்த நகலை மட்டும் அனுப்பு.

அக்கா


சிவகாசி
6 பிப்ரவரி 2025

அக்கா,

இந்தக் கடிதத்தை எழுத நாலு தடவை உட்கார்ந்து எழுந்துவிட்டேன். ஆஸ்பத்திரி என்று நீ எழுதியதைப் படித்த பிறகு சும்மா இருந்தால் நான் மனுஷன் இல்லை.

நீ கேட்ட நகல் இதனுடன் இருக்கிறது. இங்கிலீஷில் மொழிபெயர்த்து, விருதுநகரில் வக்கீல் மாரிக்கண்ணனிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். படித்தால் உனக்கே தெரியும். அது நீ நினைக்கிற பத்திரம் இல்லை.

தொண்ணூற்றொன்றில் நீ கையெழுத்துப் போட்டது பாங்க் லோனுக்கு இல்லை. விடுதலைப் பத்திரம். அப்பா வீட்டிலும் பிரஸ்ஸிலும் உனக்கு உள்ள பங்கை எனக்கு விட்டுக்கொடுத்து எழுதியது. எழுத்தர் வாசித்தார், வாசித்தது உனக்கு விளங்காத வேகத்தில் வாசிக்கும்படி நான்தான் சொல்லிவைத்திருந்தேன். "சம்மதந்தானாம்மா?" என்று ஆபீசர் கேட்டபோது உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என்ன விஷயம் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். நீ கேட்கவில்லை. எந் தம்பி சொன்னாச் சரிதேன் என்றாய். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். முப்பத்து மூன்று வருஷமாக அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை.

நியாயம் சொல்ல வரவில்லை. ஆனால் அப்போது என்ன நினைத்தேன் என்பதைச் சொல்கிறேன். அத்தான் படிப்புக்கு வாங்கிய கடனை அப்பா சாகிறவரை கட்டினார். நான் படிப்பை விட்டேன். அக்கா தன் பங்கை அத்தான் படிப்பாகவே வாங்கிக்கொண்டு போய்விட்டாள், இதற்கு மேல் என்ன பங்கு என்று நினைத்தேன். நீ சொன்னாயே, ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை என்று. சொல்லிக் காட்டவில்லை. எழுதி வாங்கிவிட்டேன்.

பாரத்தில் பாதி வீடு உண்டு என்று எழுதியதாக நீ எழுதினாயே, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உனக்குச் சூடு வரும், எனக்கு அக்கா போய்விடுவாள். இதுதான் கணக்கு. வரியை அடி, வரியை அடி என்று சுற்றி வளைத்துப் பார்த்தேன். நீ அடிக்கவில்லை. பொய் சொல்லாதவளை இன்னொரு பொய் சொல்ல வைக்கப் பார்த்தேன். அதுவும் முடியாமல்தான் அந்தக் காலண்டர். அதை அச்சடித்த அன்று ஏதோ பெரிய பரிகாரம் செய்துவிட்டதுபோல இருந்தது. அதுவும் பொய்தான் என்று உன் கடிதம் வந்துதான் உறைத்தது. அந்தப் பொய்யை நம்பி நீ மீட்டரைத் தீர்த்திருக்கிறாய்.

இன்னொன்று. மாடி அறையைப் பற்றி இரண்டு கடிதத்தில் கேட்டாய். அது இல்லை அக்கா. புது மிஷின் இறக்க உயரம் வேண்டும் என்று 2006இல் மாடியை இடித்துவிட்டு ஷெட் போட்டேன். மாடிப்படி மட்டும் நிற்கிறது. அதற்குக் கீழே பேப்பர் பண்டல் அடுக்கியிருக்கிறோம்.

உன் பங்கைத் திருப்பி எழுதித் தந்துவிடலாமா என்று மாரிக்கண்ணனிடம் கேட்டேன். தாராளமாக எழுதலாம் என்றார். ஆனால் எழுதிய அன்றே நீ மறுபடியும் வீட்டுக்காரி, உனக்கு உதவி நின்றுவிடும் என்றார். எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கக்கூட வழியில்லாமல் எடுத்திருக்கிறேன். இந்தப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடு. உடனே கொடு. உன்னை ஏமாற்றி வாங்கியதுதான், அதுவாவது உன்னைக் காப்பாற்றட்டும்.

என்னை மன்னிப்பாயா என்று கேட்க யோக்கியதை இல்லை. கேட்கிறேன்.

காளிராஜ்


ஓல்டாம்
9 ஏப்ரல் 2025

காளிராஜுக்கு,

உன் கடிதம் பிப்ரவரி கடைசியில் வந்தது. பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் காரணம் உடம்பு இல்லை. உடம்பு தேவலை.

பத்திரத்தை முதலில் தமிழில்தான் படித்தேன். என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருக்கிறது! அன்றைக்கு ஆபீசில் நம் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நிறுத்தி நிதானமாகப் போட்டேன். பக்கத்தில் கட்டைவிரல் ரேகை. ஒரு சுழி விடாமல் பதிந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருப்ப எனக்குக் கை ஓடவில்லை, சுகிர்தாதான் திருப்பினாள்.

அவள் மறுபடியும் அந்தப் பாரத்தை எடுத்து வைத்தாள். இந்தத் தடவை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வெளிநாட்டில் வீடு, நிலம் ஏதாவது உண்டா? பேனாவை நானே வாங்கினேன். இல்லை என்று எழுதினேன். இந்த நாட்டில் இருக்கிற எந்தப் பாரத்திலும் இவ்வளவு நேரம் எடுத்து ஒரு வார்த்தை எழுதியதில்லை. எழுதி முடித்ததும் அவள் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தாள்.

போன வாரம் பதில் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். மாதாமாதம் உதவியும் உண்டு, போன பனிக்காலத்துச் சூட்டுக்கான தொகையும் உண்டு. பனிக்காலம் முடிகிறபோது வந்து சேர்ந்தது, ஆனாலும் இந்த ஊரில் சித்திரையில்கூடக் குளிரும். மீட்டரில் தாராளமாக ஏற்றிவைத்திருக்கிறேன். அடுத்த வருஷமும் கவலை இல்லை. விரல் வீக்கம் வடிந்துவிட்டது. நீ அதை நினைத்து மருகவேண்டாம்.

மன்னிப்பாயா என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரியவில்லை. கோபம் வரும் என்று நானும் காத்திருந்து பார்த்தேன், சரியாக வரவில்லை. உனக்கு நியாயம் இருக்கிறது. நாங்கள் செய்ததும் சின்னக் காரியம் இல்லை. ஆனால் ஒன்று மட்டும் ஆறவே மாட்டேன் என்கிறது. அன்றைக்கு ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, "எக்கா, ஒன் பங்கை எனக்கு எழுதிக் குடுத்துரு" என்று கேட்டிருந்தால், அப்போதும் நான் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். எந் தம்பி சொன்னாச் சரிதேன். கொடுத்தவளாக இருந்திருப்பேன். இப்போது எடுத்துக்கொள்ளப்பட்டவளாக இருக்கிறேன். வீடு போனதுகூடப் பெரிதில்லை, கொடுக்கிற சந்தோஷத்தையும் சேர்த்து எடுத்துவிட்டாய்.

பங்கைத் திருப்பி எழுதுவது பற்றி இனிமேல் யாரிடமும் கேட்காதே. சர்க்கரையைக் கவனித்துக்கொள்.

காலண்டரை நிறுத்திவிடாதே. அது இல்லாமல் எனக்கு நாள் தெரியாது. ஆனால் அடுத்த வருஷம் ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாம் ஊருக்கு என்ன போடுகிறாயோ அதையே எனக்கும் போடு. கூட்டிப் போடாதே.

நேற்று மத்தியானம் ஹீட்டரைப் போட்டுவிட்டு, பழக்க தோஷம், கண்ணை மூடி மாடிப்படி ஏறினேன். பதினாலு படியும் ஏறினேன். கதவு இல்லை, சுவர் இல்லை. எங்கே உட்காருவது என்று தெரியாமல் கடைசிப் படியிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அது அடுத்தவர் படி என்று நினைத்ததும் ரொம்ப நேரம் நிற்கவும் கூச்சமாக இருந்தது.

குளிரில் கிடந்த நாளெல்லாம் எனக்கு ஊரில் ஒரு வீடு இருந்தது தம்பி. இப்போது கதகதப்பாக இருக்கிறேன்.

அன்னக்கனி